பானையைத் தட்டுவது போல

1974 ஆடி மாதம். கணபதியில் ஒரு லேத் பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்து மூன்றாம் நாள். மேஸ்திரி அட்டைப் பெட்டியைப் பிரித்து ஒரு புதுக் கல்லை எடுத்தார். எட்டு அங்குலக் கல். நடு ஓட்டையில் ஆள்காட்டி விரலை விட்டுத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஸ்குரூ டிரைவரின் மரப்பிடியால் விளிம்பிலிருந்து ஓர் அங்குலம் உள்ளே தள்ளி மெல்லத் தட்டினார். 'ணங்' என்று ஒரு சத்தம் எழுந்து, கொஞ்ச நேரம் நின்று, தானாக அடங்கியது.

"கேட்டியா கண்ணு?"

"கேட்டனுங்க."

"இது நல்ல கல்லு. விரிசல் உட்ட கல்லு இப்படிப் பேசாது. உங்க ஆத்தா சந்தையில பானை வாங்கறப்பத் தட்டிப் பாக்கறதில்லியா? அதே கணக்குத்தான்."

பிறகு கல்லைக் கால்வட்டம் திருப்பி இன்னொரு தட்டு. மறுபடி திருப்பி இன்னொன்று. நாலு இடத்திலும் ஒரே குரல் வந்த பிறகுதான் மிஷினில் ஏற்றினார். ஐம்பது வருஷம் ஆகிவிட்டது. இன்று என் பட்டறையில் கல் மாற்றும்போது நானும் அதையேதான் செய்கிறேன். தட்டாமல் ஒரு கல்லையும் ஏற்றியதில்லை.

கோயமுத்தூரில் 'கிரைண்டர்' என்றால் மாவரைக்கும் கிரைண்டர்தான் முதலில் நினைவுக்கு வரும். பட்டறைக்காரர்களுக்கு மட்டும் அது சாணை மிஷின். பெஞ்சின் மேல் போல்ட் போட்டு இறுக்கிய ஒரு மோட்டார், அதன் அச்சின் இரண்டு முனையிலும் இரண்டு கற்கள். லேத்தில் ஓடும் டூல் பிட், டிரில், உளி, மழுங்கியது எதுவானாலும் இங்கேதான் வந்து நிற்கும். பட்டறைக்கு வரும் விருந்தாளிகள் பெரிய லேத்தைத்தான் பார்ப்பார்கள். இந்த மிஷினை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் என் அனுபவத்தில் பட்டறையிலேயே அதிகம் பேரைக் காயப்படுத்தியது இதுதான். எல்லோரும் தொடுகிற மிஷின், யாருக்கும் சொந்தமில்லாத மிஷின். லேத்துக்கு ஓர் ஆபரேட்டர் உண்டு, எண்ணெய் போடுவான், துடைப்பான். சாணை மிஷினுக்கு அப்படி ஆள் கிடையாது.

மேஸ்திரி பானையைச் சொன்னது வெறும் உவமை என்றே பல வருஷம் நினைத்திருந்தேன். பிறகுதான் தெரிந்தது, அந்தக் கல் நிஜமாகவே ஒரு பானை. 1870களில் அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாகாணத்தில், வுஸ்டர் நகரத்தில், ஃபிராங்க் நார்ட்டன் என்பவருக்கு மண்பாண்டத் தொழில் இருந்தது. அங்கே வேலை பார்த்த ஸ்வென் புல்சன் என்ற சுவீடன் நாட்டுக் குயவர், எமரிப் பொடியைக் களிமண்ணோடு பிசைந்து, சக்கரமாகத் தட்டி, பானை சுடும் சூளையிலேயே வைத்துச் சுட்டெடுத்தார். களிமண் கண்ணாடிபோல் உருகி ஒவ்வொரு மணியையும் கவ்விக்கொண்டது. அதற்கு முன்பு பசை, ரப்பர் என்று எதையெதையோ வைத்து எமரியை ஒட்டிப் பார்த்தவர்கள் உண்டு. குயவர் செய்த சக்கரம் அவற்றையெல்லாம் மிஞ்சியது. 1885-இல் அந்தத் தொழில் நார்ட்டன் எமரி வீல் கம்பெனியாக வளர்ந்தது. இன்றும் கல்லின் முகத்தில் ஒட்டியிருக்கும் காகிதத்தில் கடைசிப் பக்கமாக 'வி' என்று ஓர் எழுத்து இருந்தால், அது சூளையில் சுட்ட கல் என்று அர்த்தம். சுட்ட மண்ணுக்கு அழுத்தத்தைத் தாங்கும் பலம் உண்டு, இழுப்பையும் அடியையும் தாங்கும் பலம் இல்லை. பெஞ்சு உயரத்தில் கல் கையிலிருந்து விழுந்தால் வெளியே ஒன்றும் தெரியாது, உள்ளே விரிசல் ஓடியிருக்கும். தட்டினால் 'டொக்' என்று செத்த சத்தம் வரும்.

கல்லுக்குள் இருக்கும் மணிகளின் கதை இன்னும் நமக்கு நெருக்கமானது. காங்கேயம் பக்கத்தில் சிவன்மலை இருக்கிறதே, பக்தர் கனவில் வந்த பொருளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருப்பார்களே, அந்த முருகன் மலைதான். அந்த மலையைச் சுற்றியுள்ள பாறையில் குருந்தக்கல் கிடைக்கிறது. தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர் 1901-இல் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறைக்காக அந்தப் பாறைகளைப் பற்றித் தனியாக ஓர் ஆய்வே எழுதினார். நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டியிலும் குருந்தம் உண்டு. அந்த ஊர்ப் பாறையைப் பொடித்துத்தான் இஸ்ரோக்காரர்கள் சந்திரயான்-2 வண்டியை ஓட்டிப் பார்க்க நிலாமண் செய்தார்கள்.

குருந்தம் வைரத்துக்கு அடுத்த கடினம். மோஸ் அளவில் வைரம் 10, குருந்தம் 9. சிவப்பாகத் தெளிந்து கிடைத்தால் அதற்கு மாணிக்கம் என்று பெயர், நீலமாக இருந்தால் நீலக்கல். தெளியாமல் மங்கலாகக் கிடப்பதை இடித்துப் பொடியாக்கிச் சாணைக்கு எடுத்துக்கொண்டார்கள். அதாவது மாணிக்கமும் சாணைப்பொடியும் ஒரே சரக்கு. 1798-இல் சார்ல்ஸ் கிரெவில் என்ற ஆங்கிலேயர் இங்கிருந்து போன கற்களை வைத்து லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் கட்டுரை எழுதினார். தலைப்பிலேயே நம்முடைய சொல் 'கொரண்டம்' என்று ஏறியிருந்தது. உலகம் முழுக்கக் கனிமவியல் புத்தகங்களில் இன்று வழங்கும் அந்தப் பெயருக்கு அகராதிகள் காட்டும் வேர் தமிழ்க் குருந்தம்தான்.

பழைய சாணைக்காரர்கள் இதே குருந்தப் பொடியை அரக்கோடு சேர்த்து உருக்கி, மரக் குடத்தைச் சுற்றிச் சக்கரமாக வார்த்துக்கொள்வார்கள். அச்சில் வாரைச் சுற்றி ஓர் ஆள் மாறி மாறி இழுப்பார், சக்கரம் முன்னும் பின்னுமாகச் சுழலும், எதிரில் உட்கார்ந்தவர் கத்தியை வைப்பார். என் சின்ன வயதில் எங்கள் தெருவுக்கு வந்தவர் மரச்சட்டத்தைத் தோளில் சுமந்து வருவார், காலால் மிதித்துச் சுற்றுவார். "சாணை பிடிக்கிறதே... கத்தி, அருவாமனை, கத்திரிக்கோல்..." என்று குரல் கேட்டதும் எங்கள் அப்பத்தா அரிவாள்மனையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடும். பொறி பறப்பதைப் பார்க்கத் தெருப் பிள்ளைகள் அத்தனையும் கூடிவிடுவோம். அவர் ஒரு பழைய தகரக் குவளையிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுக்கொண்டே பிடிப்பார். அந்தத் தண்ணீருக்கு என்ன அர்த்தம் என்று எனக்கு வெகுகாலம் தெரியாது.

அர்த்தத்தைத் தெரிந்துகொள்ள இங்கிலாந்தின் ஷெஃபீல்டு வரைக்கும் போக வேண்டும். கத்தி, முள்கரண்டி, சவரக்கத்தி செய்வதற்கென்றே பிறந்த ஊர் அது. ஊரைச் சுற்றி ஓடும் சிற்றாறுகளில் வரிசையாக நீர்ச்சக்கரங்கள், அவற்றால் சுழலும் மணற்பாறைக் கற்கள். கல்லுக்குப் பின்னால் குதிரைச் சேணம்போல ஒரு மரப்பலகை போட்டு, அதன் மேல் காலை அகட்டி உட்கார்ந்து, குனிந்து தேய்ப்பார்கள். மணற்பாறை முழுக்கக் குவார்ட்ஸ் மணி. ஈரக்கல்லில் தேய்த்தால் தூசி தண்ணீரோடு போய்விடும். உலர்ந்த கல்லில் தேய்த்தால் கல்தூசியும் இரும்புத்தூசியும் நேராக நெஞ்சுக்குள். அந்த ஊரில் வைத்தியம் பார்த்த டாக்டர் ஆர்னால்டு நைட் 1830 வாக்கில் எழுதிவைத்த கணக்கை எங்கெல்ஸ் 1845-இல் தன் புத்தகத்தில் எடுத்துப் போட்டிருக்கிறார். ஷெஃபீல்டில் சாணைத் தொழிலாளிகள் சுமார் 2,500 பேர். அதில் முள்கரண்டி தேய்ப்பவர்கள் 150 பேர், 80 ஆண்கள், 70 சிறுவர்கள். இவர்கள் வேலை உலர்ந்த கல்லில். 28 வயதிலிருந்து 32 வயதுக்குள் செத்துப்போவார்கள். ஈரத்திலும் உலர்விலும் மாறி மாறி வேலை செய்யும் சவரக்கத்திக்காரர்கள் 40 முதல் 45 வரை. ஈரக்கல்லிலேயே வேலை செய்யும் மேசைக்கத்திக்காரர்கள் 40 முதல் 50 வரை.

இந்தக் கணக்கை முதல்முறை படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எழுபது சிறுவர்கள் என்ற எண்ணிலேயே மனசு நின்றுவிட்டது. நான் கல்லுக்கு முன்னால் முதலில் நின்றபோது எனக்குப் பதினேழு. ஷெஃபீல்டில் பிறந்திருந்தால் பாதி ஆயுள் அதோடு முடிந்திருக்கும்.

அதே ஊரில் ஆபிரகாம் என்ற ஒருவர் 1820களின் தொடக்கத்தில் காந்தத்தை வைத்து இரும்புத்தூசியைப் பிடிக்கும் கருவி ஒன்று செய்து கொடுத்தார். தூசியை உறிஞ்சி வெளியே தள்ளும் குழாய்களும் பின்னால் வந்தன. தொழிலாளிகளே அவற்றை வேண்டாம் என்றார்கள், சில இடங்களில் உடைத்தும் போட்டார்கள். காரணம் கொடுமையானது. வேலை பாதுகாப்பாகிவிட்டால் அதிகம் பேர் வருவார்கள், ஆயுள் கூடும், கூலி இறங்கும். சீக்கிரம் சாவதற்குத்தான் கூலி அதிகம். அவர்களை அறியாதவர்கள் என்று சொல்ல எனக்கு மனசு வராது. பீஸ் ரேட்டில் வேலை செய்த எவருக்கும் அந்தக் கணக்கு புரியும். ஒரு உருப்படிக்கு இத்தனை பைசா என்று கூலி பேசும்போது, கண்ணாடி போடுகிற பத்து விநாடியைக்கூட மனசு கணக்குப் பார்க்கும். நானே பார்த்திருக்கிறேன்.

மணற்பாறைக் கல்லை ஓய்வுக்கு அனுப்பியது சட்டத்தைவிட மின்சாரம் என்றுதான் சொல்லுவேன். 1891-இல் பென்சில்வேனியாவின் மோனங்கஹேலா ஊரில் எட்வர்டு அச்சன் என்பவர் ஓர் இரும்புக் கிண்ணத்தில் களிமண்ணையும் கல்கரிப் பொடியையும் கலந்து போட்டு, நடுவில் கார்பன் குச்சியைச் செருகி, மின்சாரத்தைப் பாய்ச்சினார். ஆறிய பிறகு குச்சியின் முனையில் சில பளபளப்பான மணிகள் ஒட்டியிருந்தன. அதில் ஒன்றை எடுத்துப் பென்சில் முனையில் வைத்துக் கண்ணாடியில் இழுத்துப் பார்த்தார். கோடு விழுந்தது. கார்பனும் குருந்தமும் சேர்ந்து உண்டான பொருள் என்று நினைத்து 'கார்பொரண்டம்' என்று பெயர் வைத்தார். உண்மையில் அது சிலிக்கான் கார்பைடு, குருந்தம் அதில் துளியும் கிடையாது. ஆனால் பெயர் நிலைத்துவிட்டது. முதலில் ரத்தினம் பட்டை தீட்டுபவர்களுக்குக் காரட் கணக்கில் விற்றார். 1895-இல் நயாகரா அருவியின் மின்சாரத்தை நம்பித் தொழிற்சாலையை அங்கேயே கொண்டுபோனார். கொஞ்ச காலத்தில் பாக்சைட்டை மின் உலையில் உருக்கிக் குருந்தத்தையே செயற்கையாக வார்க்கவும் கற்றுக்கொண்டார்கள். இந்த இரண்டு சரக்கிலும் குவார்ட்ஸ் தூசி இல்லை.

எங்கள் ஊருக்கும் ஓர் அருவிதான் மின்சாரம் கொடுத்தது. 1932-இல் நீலகிரியின் பைக்காரா மின்சாரம் வந்த பிறகுதான் கோயமுத்தூரில் மில்கள் பெருகின. மில்லுக்கு ரிப்பேர் வேலை, ரிப்பேருக்குப் பட்டறை, பட்டறைக்குச் சாணை. 1937-இல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரமும் இங்கேயே மோட்டார் செய்தார்கள். கூரையில் ஓடும் நீளத் தண்டிலிருந்து வாரைப் போட்டுச் சுற்றிக்கொண்டிருந்த சாணைக்கல், தன் மோட்டாரோடு பெஞ்சுக்கு இறங்கி வந்தது. கல்? அது வெகுகாலம் சீமையிலிருந்து கப்பலில்தான் வந்தது. 1954-இல் முருகப்பா குழுமம் ஓர் அமெரிக்கக் கம்பெனியோடும் ஓர் இங்கிலாந்துக் கம்பெனியோடும் சேர்ந்து கார்பொரண்டம் யுனிவர்சலைத் தொடங்கியது. அவர்கள் திருவொற்றியூரில் ஆலை எழுப்பினார்கள். குருந்தம் என்ற சொல் லண்டன், நயாகரா எல்லாம் போய்ச் சுற்றிவிட்டு, கார்பொரண்டமாகி, திருவொற்றியூரில் வந்து இறங்கிய கதை இது.

என் மிஷினில் இடது பக்கம் சாம்பல் நிறக் கல், வலது பக்கம் பச்சைக் கல். சாம்பல் கல் உருக்கி வார்த்த குருந்தம், ஹைஸ்பீடு ஸ்டீல் டூலுக்கு. பச்சைக் கல் அச்சன் கண்டுபிடித்தது, கார்பைடு முனை வைத்த டூலுக்கு. மாற்றிப் பிடித்தால் டூலும் கெடும், கல்லும் கெடும். காகிதத்தில் முதல் எழுத்து 'ஏ' என்றால் குருந்தம், 'சி' என்றால் சிலிக்கான் கார்பைடு. கடைசி எழுத்து அபூர்வமாக 'ஈ' என்று வருவதுண்டு. அது அரக்கு. மெல்லிய பளபளப்பு வேலைக்கு இன்னும் அரக்கில் ஒட்டிய கல்லையே கேட்கிறார்கள். தெருச் சாணைக்காரரின் பக்குவம் ஓர் ஆங்கில எழுத்தாக அங்கே உட்கார்ந்திருக்கிறது.

1976-இல் நான் வேறொரு பட்டறைக்கு மாறியிருந்தேன். அங்கே சாணை மிஷினின் கவசத்தைக் கழற்றிப் போட்டிருந்தார்கள். நீளமான உருப்படி இடிக்கிறது என்று முதலாளி சொன்னதால் கழற்றியது. கல் தேயத் தேய, டூலை ஊன்றிப் பிடிக்கும் டூல் ரெஸ்டை யாரும் முன்னால் நகர்த்தவில்லை. கல்லுக்கும் ரெஸ்டுக்கும் நடுவே கட்டைவிரல் நுழையும் அளவு இடைவெளி. ஒரு மத்தியானம், சாப்பாட்டுக்கு முன்னால், என்னைவிட இரண்டு வயது சின்னவன் ஒருவன் ஒரு சின்ன இரும்புத் துண்டைக் கையிலேயே பிடித்து முனை தட்டிக்கொண்டிருந்தான். துண்டு அந்த இடைவெளிக்குள் இழுத்துக்கொண்டு போய் ஆப்புபோல இறுகியது. நான் மிஷினைவிட்டு நகர்ந்து குழாயடிக்குப் போய் ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. துப்பாக்கி வெடித்த மாதிரி சத்தம். கல் மூன்று துண்டாகப் பிரிந்தது. ஒன்று ஆஸ்பெஸ்டாஸ் கூரையைத் துளைத்துக்கொண்டு போனது. ஒன்று சுவரில் செங்கல்லைப் பெயர்த்தது. ஒன்று அவன் வலது கையில் பட்டது. இரண்டு விரல் போயிற்று. டூல் பிடிக்கிற கை.

மறுவாரம் கவசம் திரும்ப மாட்டப்பட்டது. அந்தப் பட்டறையில் நான் அதற்குமேல் இருக்கவில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். எட்டு அங்குலக் கல், நிமிஷத்துக்கு 2,880 சுற்று. விளிம்பு விநாடிக்கு 30 மீட்டருக்குமேல் ஓடுகிறது, அதாவது மணிக்குச் சுமார் 110 கிலோமீட்டர். முகத்துக்கு ஒரு முழம் முன்னால் லாரி வேகத்தில் ஒரு பானை ஓடிக்கொண்டிருக்கிறது. கவசம் அந்தப் பானை உடைந்தால் ஓடுகளைப் பிடித்து வைப்பதற்கு. ரெஸ்டுக்கும் கல்லுக்கும் 3 மில்லிமீட்டருக்குமேல் இடைவெளி கூடாது, மேலே இருக்கும் நாக்குத் தகட்டுக்கும் கல்லுக்கும் 6 மில்லிமீட்டருக்குமேல் கூடாது என்று பரவலாகச் சொல்கிறார்கள். எனக்கு அந்த 3 மில்லிமீட்டர் ஒரு எண்ணாகத் தெரிவதில்லை, அந்தப் பையனின் கையாகத் தெரிகிறது. 1948-ஆம் வருஷத் தொழிற்சாலைச் சட்டத்தில் 35-ஆவது பிரிவு தொழிலாளியின் கண்ணுக்காகவே எழுதப்பட்டது. ஆனால் அப்படிப்பட்ட சட்டங்களுக்குள் வராத சின்னப் பட்டறைகள்தான் எங்கள் ஊரில் அதிகம். இரண்டு லேத், ஒரு டிரில், ஒரு சாணை. அங்கே இன்ஸ்பெக்டரும் மேஸ்திரியும் ஒரே ஆள்.

அதனால் என்னிடம் வரும் பையன்களுக்கு லேத்தைத் தொடுவதற்கு முன்னால் பதினைந்து நாள் சாணைதான். கையுறை போட்டு நிற்கக் கூடாது, துணி சிக்கினால் கையையும் சேர்த்து இழுக்கும். தோளில் துண்டு கூடாது. ஸ்விட்சைப் போட்டதும் கல்லின் நேர்க்கோட்டை விட்டு விலகி ஒரு நிமிஷம் நிற்க வேண்டும். உடைகிற கல் பெரும்பாலும் அந்த முதல் நிமிஷத்தில்தான் உடையும். இடது பக்க நட்டு இடது மரை, வழக்கத்துக்கு மாறாகத் திருப்பினால்தான் கழலும். கல் சுழலும் திசையில் நட்டு தானாகத் தளராமல் இருக்க அப்படி வெட்டியிருக்கிறார்கள். தெரியாமல் பலமாகத் திருப்பி, கல்லையே இறுக்கி உடைத்தவர்கள் உண்டு. இரு பக்கமும் ஒட்டியிருக்கும் காகிதத்தை அழகுக்கு ஒட்டியது என்று நினைத்துப் பிய்க்கக் கூடாது. இறுக்கிப் பிடிக்கும் பிளேட்டின் அழுத்தம் கல்லில் சமமாகப் பரவுவதற்கு அதுதான் மெத்தை.

கல்லைப் பழுது பார்ப்பது என்பது பெரும்பாலும் அதன் முகத்தைப் பார்ப்பது. கொஞ்ச நாள் ஓடிய கல்லை நிறுத்தி வெளிச்சத்தில் பாருங்கள். நல்ல முகம் சொரசொரவென்று மங்கலாக இருக்கும், நகத்தால் வருடினால் ரவை போலத் தட்டுப்படும். கெட்ட முகம் பளபளக்கும். மணிகளின் முனை மழுங்கி, நடுவில் இரும்போ பித்தளையோ அப்பிக்கொண்டு, கண்ணாடி மாதிரி ஆகியிருக்கும். அனுபவமில்லாதவன் அப்போதுதான் டூலை இன்னும் அழுத்துவான். கல் வெட்டாது, சூடு மட்டும் ஏறும், டூலின் முனை வைக்கோல் நிறமாகி, பழுப்பாகி, நீலமாகும். பழைய கார்பன் உருக்கு உளியாக இருந்தால் நீலம் வந்த இடத்தில் பதம் செத்துவிட்டது. அலுமினியத்தையும் பித்தளையையும் இந்தக் கல்லில் பிடிக்காதே என்பதற்கும் இதுதான் காரணம். அப்பிய உலோகம் சூட்டில் விரிந்து கல்லையே பிளக்கும்.

அப்போது டிரஸ்ஸரை எடுக்க வேண்டும். நட்சத்திரப் பற்கள் கொண்ட சின்னச் சக்கரங்கள் ஒரு பிடியின் முனையில் வரிசையாகக் கோத்திருக்கும். ரெஸ்டின் மேல் அதை ஊன்றி, ஓடும் கல்லின் முகத்தில் வைத்து, ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு நிதானமாக நகர்த்த வேண்டும். கரகரவென்று சத்தம், சாம்பல் நிறத் தூசி, கொஞ்சம் பொறி. மூக்கில் துணி கட்டாமல் நான் யாரையும் விடுவதில்லை. நாலைந்து முறை போய்வந்ததும் சத்தத்தில் இருந்த துள்ளல் அடங்கி ஒரே சீராகிவிடும். அந்தச் சீர் வந்ததும் நிறுத்த வேண்டும். மழுங்கிய மணிகள் உதிர்ந்து, கீழே காத்திருந்த புது மணிகள் முகத்துக்கு வந்துவிட்டன. பிறகு ரெஸ்டை மறுபடி 3 மில்லிமீட்டருக்கு நகர்த்தி இறுக்காமல் ஸ்விட்சைத் தொடக் கூடாது. கல் சின்னதாகிவிட்டது என்பதைப் பையன்கள் மறப்பது அங்கேதான்.

போன மாசி மாதம் புதிதாக வாங்கி வந்த சாம்பல் கல்லை ஒரு பையனிடம் கொடுத்தேன். பத்தொன்பது வயது, வந்து இரண்டு வாரம். ஓட்டையில் விரலை விட்டுத் தூக்கினான். ஸ்குரூ டிரைவரைத் திருப்பிப் பிடித்துத் தட்டினான். 'ணங்'. கால்வட்டம் திருப்பி, 'ணங்'. மூன்றாவது தட்டில் அவன் முகம் மாறியது. மறுபடி தட்டினான். டொக்.

"ஏனுங்கய்யா, இந்தப் பக்கம் பேச மாட்டீங்குதுங்க."

வாங்கிப் பார்த்தேன். கண்ணுக்கு ஒன்றுமே தெரியவில்லை. வரும் வழியில் வண்டியிலிருந்து பெட்டி சரிந்திருக்கலாம். கடைக்காரரிடம் திருப்பிக் கொடுக்கலாம் என்றான். திருப்பிக் கொடுத்தால் வேறு யாராவது வாங்கிக்கொண்டு போவார்கள். வாசலுக்குக் கொண்டுபோய்ச் சாக்கில் சுற்றி, கண்ணாடியை மாட்டச் சொல்லிவிட்டுச் சுத்தியலால் ஒரு போடு போட்டேன். சாக்கைப் பிரித்தபோது கல் மூன்று துண்டாகக் கிடந்தது. ஒரு துண்டைக் கையில் எடுத்து வெயிலில் திருப்பினேன். உடைந்த முகம் முழுக்கச் சின்னச் சின்ன மணிகள் மின்னின. பையன் குனிந்து பார்த்து, "இது என்னங்கய்யா, சர்க்கரையாட்டம்?" என்றான்.

"குருந்தம்" என்றேன்.